பில் கொப்பியும் டாஷ்போர்டும் ஒத்துப்போகவில்லையா? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களிலும் உள்ள கடைகள், விருந்தினர் விடுதிகள், நெல் வியாபாரிகள் சிலருக்கு விற்பனை ரிப்போர்ட்டுகளும் டாஷ்போர்டுகளும் செய்து கொடுத்து வருகிறேன். இந்த வேலையைப் பழக வரும் தம்பி தங்கைகளும், வேலை தந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஓரிடத்தில் எழுதிவைத்தால் உதவும் என்று தோன்றியது. நான் பெரும்பாலும் பவர் பிஐ என்ற மைக்ரோசொப்ட் ரிப்போர்ட் மென்பொருளில் வேலை செய்வதால் உதாரணங்கள் அதிலிருந்தே வரும். ஆனால் எண் பிழைக்கும் விதம் எந்தக் கருவியிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ரிப்போர்ட், டாஷ்போர்ட் இரண்டும் ஒன்றுதானே?

பேச்சில் ஒன்றாகவே சொல்கிறோம், பரவாயில்லை. பவர் பிஐக்குள் மட்டும் வித்தியாசம் உண்டு. பல பக்கங்களில் விரிந்து, சொடுக்கிச் சொடுக்கி உள்ளே போகக்கூடியது ரிப்போர்ட். அதிலிருந்து தேவையான சிலவற்றைப் பொறுக்கி இணையச் சேவையில் ஒரே பக்கத்தில் ஒட்டிவைப்பது டாஷ்போர்ட். கீழே நான் டாஷ்போர்ட் என்று எழுதும்போது, முதலாளி காலையில் தேநீர் குடித்துக்கொண்டே ஒருமுறை பார்க்கும் அந்த முதற்பக்கத்தைத்தான் சொல்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது? எந்த மென்பொருளை வாங்க வேண்டும்?

வாங்குவதற்கு முதல் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். உப்புவெளியில் ஒரு விடுதி உரிமையாளர் முதற்சந்திப்பிலேயே தனக்கு வேண்டிய வரைபடங்களின் (chart) பட்டியலைத் தந்தார், இருபதுக்கு மேல். "ஐயா, இதில் எதைப் பார்த்தால் நாளைக்கு நீங்கள் எதை மாற்றுவீர்கள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எந்த நாட்களுக்கு அறை விலையைக் குறைத்துப் போடுவது என்று தெரிந்தால் எனக்குப் போதும் தம்பி" என்றார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு அட்டவணை. வரப்போகும் 60 நாட்கள், ஒவ்வொரு நாளும் பதிவான அறைகள், போன வருடம் இதே காலத்தில் இந்தக் கட்டத்தில் எத்தனை அறைகள் பதிவாகியிருந்தன என்ற எண். அதை இன்றும் பார்க்கிறார்.

கருவி அதற்குப் பிறகுதான். ஒருவர் மட்டும் பார்ப்பதென்றால் எக்செல் போதும். பவர் பிஐ டெஸ்க்டொப் இலவசம், ஆனால் விண்டோஸில் மட்டுமே ஓடும். செய்ததை அலுவலகத்தில் மற்றவர்களோடு பாதுகாப்பாகப் பகிர்வதற்குக் கட்டண உரிமம் தேவைப்படும். தரவு கூகுள் ஷீட்ஸில் இருந்தால் லுக்கர் ஸ்டூடியோவின் இலவசப் பதிப்பு நன்றாகப் பொருந்தும். சொந்தமாக சேர்வர் வைத்துப் பராமரிக்கத் தெரிந்தவர்களுக்கு மெட்டாபேஸ் என்ற திறந்த மூல மென்பொருளும் உண்டு. மாணவர்களுக்கு நான் சொல்வது: ஒன்றை மட்டும் எடுத்து ஆறு மாதம் அதிலேயே உழையுங்கள். தரவை ஒழுங்குபடுத்தப் பழகியவருக்கு அடுத்த கருவி இரண்டு வாரத்தில் கைவரும்.

எல்லாவற்றையும் ஒரே எக்செல் தாளில் வைத்திருக்கிறேன். ஏன் பிரிக்கச் சொல்கிறீர்கள் அண்ணா?

நடந்தவை வேறு, நடந்தவற்றின் விவரம் வேறு. ஒரு பில் போடப்பட்டது என்பது நடந்தது. திகதி, பில் எண், பொருட்குறியீடு, கிளைக்குறியீடு, எண்ணிக்கை, தொகை இவ்வளவும் விற்பனை அட்டவணைக்குப் போதும். பொருளின் பெயர், வகை, வழங்குநர் எல்லாம் பொருள் அட்டவணையில் ஒருமுறை மட்டும் இருக்கட்டும். கிளைக்கும் அப்படி, வாடிக்கையாளருக்கும் அப்படி. விற்பனையை நடுவில் வைத்து மற்றவற்றைச் சுற்றிவர வரைந்தால் நட்சத்திரம் போலத் தெரியும். நட்சத்திர அமைப்பு என்ற பெயர் அதனால்தான் வந்தது.

இணைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பொருள் அட்டவணையில் ஒரு குறியீடு ஒருமுறைதான் வரலாம். இரண்டு முறை வந்தால் பவர் பிஐ "பலவற்றுக்குப் பல" என்ற உறவைப் பரிந்துரைக்கும். சரி என்று சொடுக்கிவிட்டுப் போகாதீர்கள். அது உங்கள் பொருள் அட்டவணையில் இரட்டிப்பு இருக்கிறது என்ற அறிவிப்பு. அங்கேயே நின்று அதைத் திருத்துங்கள்.

மாதங்களை ஜனவரி, பெப்ரவரி, மார்ச் என்று பன்னிரண்டு நிரல்களாக வைத்திருப்பவர்கள் அவற்றை பவர் குவரியில் (பவர் பிஐயில் தரவை ஒழுங்குபடுத்தும் பகுதி) நிரைகளாகத் திருப்பிப் போட வேண்டும். எக்செல் தாள் ஒன்றில் 1,048,576 நிரைகளுக்கு மேல் கொள்ளாது. பல வருட பில்களை ஒரே தாளில் ஒட்டிக்கொண்டு போகும் கடைகள் ஒருநாள் அந்த எல்லையில் முட்டும்.

மூதூர் என்ற ஒரே ஊர் என் வரைபடத்தில் நான்கு தடவை வருகிறது. என்ன செய்வது?

நம் மாவட்டத்தில் வேலை செய்யும் எல்லோரும் சந்திக்கும் சிக்கல் இது. ஊர்ப்பெயர்களை மூன்று மொழிகளில் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். திருகோணமலையை முழுதாக எழுதுபவரும் உண்டு, திருமலை என்று எழுதுபவரும் உண்டு, ஆங்கிலத்தில் டிரிங்கோ என்று சுருக்குபவரும் உண்டு. கணினிக்கு இவை எல்லாம் வேறு வேறு ஊர்கள்.

வந்த தரவில் நேரடியாகத் தேடி மாற்றுவதை நான் விரும்புவதில்லை. அடுத்த மாதம் ஐந்தாவது எழுத்துக்கூட்டல் வரும். அதற்குப் பதில் இரண்டு நிரல்கள் கொண்ட ஒரு சிறு அட்டவணை செய்யுங்கள்: இடப்பக்கம் வந்தபடி எழுதப்பட்ட பெயர், வலப்பக்கம் நாம் ஏற்றுக்கொண்ட பெயர். மாவட்டத்தில் பிரதேச செயலகப் பிரிவுகள் 11 மட்டுமே, ஆகவே வலப்பக்கப் பட்டியல் சிறியதாகவே இருக்கும். அட்டவணையில் இல்லாத பெயர் வந்தால் அதை "இனங்காணப்படாதது" என்று காட்டச் செய்யுங்கள். வெற்றிடமாக விட்டால் யார் கண்ணிலும் படாமல் போகும். வாரம் ஒருமுறை அந்தப் பெயர்களைப் பார்த்துச் சேர்த்துவிட்டால் போதும்.

தமிழிலேயே தட்டச்சு செய்யப்பட்ட பெயர்களில் இன்னொரு தொல்லை இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாதது. "கொ" என்ற எழுத்தின் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே "கொழும்பு". ஆனால் இணைப்புப் பொருந்தாது. "ஒள", "ஔ" என்பதும் இப்படித்தான். பெயர் ஒன்றாகத் தெரிந்தும் பொருந்தவில்லை என்றால் இரண்டு கலங்களின் எழுத்து நீளத்தையும் அளந்து பாருங்கள். நீளம் வேறுபட்டால் இதுவோ, பின்னால் ஒட்டிய வெற்றிடமோதான் காரணம்.

எங்கள் பழைய கோப்பில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாக வருகின்றன.

அவை பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. பாமினி தமிழ் உருவங்களை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்திருக்கிறது. எழுத்துரு இல்லாத இடத்தில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துகள்தான் வெளியே தெரியும். எழுத்துருவை நிறுவிக் காட்டுவது தீர்வாகாது, ஏனென்றால் அகரவரிசையும் தேடலும் பிழைத்துக்கொண்டே இருக்கும். தரவை ஏற்றுவதற்கு முன்பே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும்போது ஒரே நிரலில் ஆங்கிலப் பெயர்களும் கலந்திருந்தால் மாற்றி அவற்றையும் தமிழாக்கிச் சிதைத்துவிடும். முதலில் அவற்றைப் பிரித்தெடுங்கள். ஒரு வன்பொருட்கடையில் இதைக் கவனிக்காமல் மாற்றி, முந்நூறு குழாய் அளவுகளைக் கையால் திருத்த வேண்டி வந்தது எனக்கு.

தொலைபேசி இலக்கத்தின் முன் சைபர் காணாமற்போகிறது, அடையாள அட்டை இலக்கம் விநோதமாகத் தெரிகிறது.

கூட்டவோ பெருக்கவோ தேவையில்லாத எதையும் எண்ணாக ஏற்ற வேண்டாம். 026 என்று தொடங்கும் நம் பிரதேசத் தொலைபேசி இலக்கம் எண்ணாக ஏறினால் 26 ஆகிவிடும். 12 இலக்கப் புதிய அடையாள அட்டை எண்ணை எக்செல் அடுக்குக்குறி வடிவில் (1.99E+11 போல) சுருக்கிக் காட்டும். அந்த நிலையிலேயே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் பின்பாதி இலக்கங்கள் போய்விடும், திரும்பக் கிடைக்காது. முதலிலேயே நிரலின் வகையை எழுத்து என்று குறித்துவிடுங்கள்.

சில திகதிகள் சரியாக வருகின்றன, சில பிழையாக வருகின்றன. எப்படி?

03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3. கணினியின் பிராந்திய அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் அது மார்ச் 4. நாள் 12ஐத் தாண்டினால் அப்படி வாசிக்க முடியாது. ஆகவே 13ஆம் திகதி முதல் உள்ளவை பிழைச்செய்தியாகவோ வெறும் எழுத்தாகவோ நிற்கும். மாதத்தின் முதல் 12 நாட்களின் விற்பனை மட்டும் வேறு மாதங்களுக்குச் சிதறியிருந்தால் வேறெங்கும் தேடாதீர்கள், இதுதான். பவர் குவரியில் நிரலின் வகையை மாற்றும்போது "உள்ளூர் அமைப்பைப் பயன்படுத்தி" என்ற தெரிவின் வழியே, நாள் முதலில் வரும் நாடு ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

நாட்காட்டி அட்டவணை கட்டாயம் வேண்டுமா? விற்பனையிலேயே திகதி இருக்கிறதே?

வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். விற்பனை இல்லாத நாள் விற்பனை அட்டவணையில் இருக்காது. கடை பூட்டிய போயா நாளும், மழையில் ஒருவரும் வராத நாளும் காணாமல் போனால் ஒரு நாளின் சராசரி உண்மையைவிடக் கூடித் தெரியும். நாட்காட்டி அட்டவணையில் ஒவ்வொரு நாளும் ஒரு நிரையாக, இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். போன வருடத்தோடு ஒப்பிடும் சூத்திரங்கள் சரியாக ஓடுவதற்கும் அதுவே அடிப்படை.

அதைவிடப் பெரிய காரணம், நம் ஊரின் காலக்கணக்கு எந்தக் கருவிக்கும் தெரியாது. கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் நெல் வாங்குபவருக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை என்ற வருடத்தால் ஒரு பயனும் இல்லை. பெரும்போகம் ஒரு வருடத்தில் தொடங்கி அடுத்த வருடத்தில் முடிகிறது. 2024 ஒக்டோபரில் பசளைக்குக் கொடுத்த கடனும் 2025 மார்ச்சில் வந்த நெல்லும் ஒரே போகத்துக்கு உரியவை. நாட்காட்டியில் "போகம்" என்று ஒரு நிரல் சேர்த்து, 2024/25 பெரும்போகம், 2025 சிறுபோகம் என்று எழுதிவிட்டால் கடனும் வரவும் ஒன்றாக வந்து நிற்கும். (அலகையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் புசலில் எழுதுவார், ஒருவர் கிலோவில். ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ. அலகுக்கு ஒரு நிரல் இல்லாத நெல் கணக்கை நான் கையேற்பதில்லை.)

கிண்ணியாவில் ஒரு புடைவைக்கடைக்காரர் 2025 ஏப்ரல் விற்பனை முந்திய ஏப்ரலைவிடப் படுத்துவிட்டதென்று கவலைப்பட்டு வந்தார். ஹிஜ்ரி ஆண்டு நம் ஆண்டைவிடப் 11 நாள் அளவில் குறுகியது. 2024இல் நோன்புப் பெருநாள் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் வந்தது. 2025இல் மார்ச் மாத இறுதிக்கே வந்துவிட்டது. பெருநாளுக்கு முந்திய இரண்டு வார வியாபாரம் முழுதும் மார்ச்சுக்குப் போயிருந்தது. நாட்காட்டியில் "பெருநாளுக்கு எத்தனை நாள்" என்று ஒரு நிரல் சேர்த்து, பெருநாளுக்கு முந்திய 15 நாட்களை அதற்கு முந்திய வருடத்தின் 15 நாட்களோடு ஒப்பிட்டோம். படுத்துவிட்டதாகத் தெரிந்த வியாபாரம் பழைய அளவிலேயே இருந்தது. சித்திரைப் புத்தாண்டும் தைப்பொங்கலும் ஏறக்குறைய அதே திகதியில் வருவதால் அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை, தீபாவளிக்கு உண்டு.

கடற்கரை விடுதிகளுக்கு மாதத்தை முந்திய மாதத்தோடு ஒப்பிடவே வேண்டாம். வாடைக்காற்று மழை தொடங்கினால் அறைகள் காலியாவது யாருக்கும் புதிதில்லை. போன வருடத்தின் அதே மாதம்தான் அளவுகோல். அதிலும் 2020, 2021, 2022 ஆகிய வருடங்களை அடிப்படையாக வைத்து வளர்ச்சி காட்டினால் எந்த எண்ணும் பெரிதாகத்தான் தெரியும்.

டாஷ்போர்ட் காட்டும் விற்பனைக்கும் பில் கொப்பிக்கும் பொருந்தவில்லை. எங்கே தேடுவது?

சூத்திரத்தைத் திறக்காதீர்கள். முதலில் சுருக்குங்கள். வருட மொத்தம் பிழையென்றால் எந்த மாதத்திலிருந்து பிழைக்கிறது என்று பாருங்கள். அந்த மாதத்தில் எந்த நாள், அந்த நாளில் எந்தக் கிளை, அந்தக் கிளையில் எந்தப் பில். ஒரு நாளின் முப்பது பில்களைத் தாளில் வைத்து ஒவ்வொன்றாக அடையாளமிட்டுப் பார்ப்பதற்கு அரை மணித்தியாலம் போகும். சூத்திரத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு இருந்தால் ஒரு நாள் முழுதும் போகும். நானே அப்படிப் பல நாட்களை இழந்திருக்கிறேன்.

வித்தியாசத்தின் அளவே பல நேரம் காரணத்தைச் சொல்லிவிடும். டாஷ்போர்டில் எப்போதும் 1.18 மடங்கு வருகிறதா? ஒரு பக்கம் பெறுமதி சேர் வரியோடும் மறுபக்கம் வரியில்லாமலும் இருக்கிறது. அந்த வரி 2024 ஜனவரி 1 முதல் 15 சதவீதத்திலிருந்து 18 ஆனது. 2022இலேயே 8, 12, 15 என்று இரண்டு தடவை ஏறியிருந்தது. ஆகவே வரி வீதத்தைச் சூத்திரத்துக்குள் ஓர் எண்ணாக எழுதாமல், எந்தத் திகதியிலிருந்து எவ்வளவு என்று தனி அட்டவணையாக வையுங்கள். வரியோடு சேர்த்த தொகையில் வளர்ச்சி காட்டினால், 2023 டிசம்பருக்கும் 2024 ஜனவரிக்கும் இடையில் ஒரு பொருளும் கூடுதலாக விற்காமலேயே 2.6 சதவீத வளர்ச்சி தெரியும்.

சில பில்கள் மட்டும் சரியாக இரண்டு மடங்கா? இணைப்பு பெருக்கியிருக்கிறது. 12,000 ரூபா பில் ஒன்றுக்கு வாடிக்கையாளர் 7,000 ரூபாவைக் காசாகவும் 5,000 ரூபாவை அட்டையிலும் கட்டினார் என்று வையுங்கள். பில் அட்டவணையைக் கொடுப்பனவு அட்டவணையோடு எஸ்கியூஎல்லில் (தரவுத்தளத்தில் கேள்வி கேட்கும் மொழி) இணைத்தால் அந்தப் பில்லுக்கு இரண்டு நிரைகள் கிடைக்கும், இரண்டிலும் 12,000 இருக்கும். கூட்டினால் 24,000. இந்தப் பிழை மிகவும் கெட்டது, ஏனென்றால் பெரும்பாலான பில்கள் ஒரே கொடுப்பனவில் முடிவதால் மொத்தம் கொஞ்சம் மட்டும் கூடித் தெரியும், பார்ப்பவர் நம்பிவிடுவார். ஒவ்வோர் இணைப்புக்கு முன்னும் பின்னும் நிரைகளின் எண்ணிக்கையைக் குறித்து வைத்துக்கொள்வதை வழக்கமாக்குங்கள்.

டாஷ்போர்டில் கூடுகிறது, ஆனால் ஒழுங்கில்லாமல் கூடுகிறது என்றால் இரத்துச் செய்த பில்களையும் திரும்பி வந்த பொருட்களையும் பாருங்கள். சில பில் மென்பொருள்கள் திரும்பியதை எதிர்மறைத் தொகையாக எழுதும், சில தனி அட்டவணையில் வைக்கும், சில பழைய பில்லின் நிலையை மட்டும் மாற்றும். குறைகிறது என்றால் மறைந்திருக்கும் ஃபில்டர்தான் முதற்சந்தேகம்: பக்கத்துக்கு ஒன்று, முழு ரிப்போர்ட்டுக்கு ஒன்று, வரைபடத்துக்கு ஒன்று என்று மூன்று இடத்தில் வைக்கலாம், ஒன்றை மறந்திருப்பீர்கள். அடுத்து, பொருள் அட்டவணையில் இல்லாத குறியீடுகள். வகைவாரிப் பட்டியலின் அடியில் பெயரில்லாத ஒரு வெற்று வரியும் அதற்கு நேரே ஒரு தொகையும் தெரிந்தால் அவை அங்கேதான் இருக்கின்றன.

எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லையா? இருவரும் "விற்பனை" என்று சொல்வது ஒன்றா என்று கேளுங்கள். கணக்காளர் பணம் கைக்கு வந்த நாளை எண்ணுவார், கடைக்காரர் பில் போட்ட நாளை எண்ணுவார், களஞ்சியக்காரர் லொறியில் ஏற்றிய நாளை எண்ணுவார். மூவரும் சரி. எதை டாஷ்போர்ட் காட்டுகிறது என்பதை ஒரு வரியில் எழுதி, மூவருக்கும் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்கி, அந்த வரியை எண்ணுக்குக் கீழேயே போடுங்கள்.

அட்டவணையின் மொத்த வரி, மேலே உள்ள வரிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமில்லை. பிழையா?

பெரும்பாலும் பிழையில்லை. மொத்த வரியைப் பவர் பிஐ மேலுள்ளவற்றைக் கூட்டிப் பெறுவதில்லை, முழுத் தரவுக்கும் சூத்திரத்தைப் புதிதாக ஓட்டிப் பெறுகிறது. நகரக் கிளைக்கு 200 வாடிக்கையாளர், உப்புவெளிக் கிளைக்கு 120 பேர், இரண்டிலும் வாங்குபவர் 30 பேர் என்றால் மொத்தம் 290தான். 320 என்று காட்டினால்தான் பிழை.

சதவீதங்களில் இதை மறந்தால் பணம் இழக்க நேரிடும். 4 அறை விடுதியில் 3 அறை நிரம்பியது, 75 சதவீதம். 40 அறை விடுதியில் 10 அறை நிரம்பியது, 25 சதவீதம். இரண்டுக்கும் சராசரி எடுத்து 50 என்று போட்ட ரிப்போர்ட்டைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் 44 அறைகளில் 13 நிரம்பியிருக்கின்றன, 30 சதவீதம்கூட இல்லை. நிரம்பிய அறைகளையும் மொத்த அறைகளையும் தனித்தனியே கூட்டி, கடைசியில் மட்டும் வகுக்க வேண்டும்.

அதிகாலையில் திறந்தால் "இன்று" என்ற இடத்தில் நேற்றைய விற்பனை இருக்கிறது.

பவர் பிஐ இணையச் சேவை உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நாம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தி. நம் ஊரில் காலை 5.30 ஆகும்வரை அங்கே நேற்றுத்தான். உங்கள் கணினியில் சரியாக இருந்தது இணையத்துக்குப் போனதும் பிழைப்பது அதனால்தான். "இன்று" என்ற சூத்திரத்தை நேரடியாகப் பயன்படுத்தாமல், உலகப் பொது நேரத்தோடு ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டி அதிலிருந்து திகதியை எடுங்கள்.

தானாகப் புதுப்பிக்கும்படி வைத்தேன். ஒரு வாரமாக ஓடவில்லை, யாரும் கவனிக்கவுமில்லை.

தரவு கடைக் கணினியில் இருந்தால் இணையச் சேவை அதை எடுக்க கேட்வே என்ற மென்பொருள் இடையில் வேண்டும். அது இருக்கும் கணினி எந்நேரமும் இயங்க வேண்டும். இரவு பூட்டும்போது மெயின் சுவிச்சை அணைத்துவிட்டுப் போகும் கடையில் அதிகாலை நான்கு மணிக்குப் புதுப்பிக்க வைத்தால் எப்படி ஓடும்? கடை திறந்து ஒரு மணித்தியாலம் கழித்து நேரத்தை வையுங்கள். மடிக்கணினியில் கேட்வே போட வேண்டாம், அது உறங்கிவிடும்.

தொடர்ந்து நான்கு தடவை தோற்றால் அட்டவணையிட்ட புதுப்பித்தலைச் சேவையே நிறுத்திவிடும். பிழையைத் திருத்திய பிறகு நீங்கள் போய் மீண்டும் இயக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். இரண்டு மாதம் ஒருவருமே திறந்து பார்க்காவிட்டாலும் நின்றுவிடும். பவர் பிஐயின் புரோ என்ற கட்டண உரிமத்தில் நாளொன்றுக்கு 8 தடவைதான் புதுப்பிக்கலாம்.

மற்றைய வழக்கமான காரணங்கள் எளியவை: கடவுச்சொல்லை மாற்றினார்கள், கோப்பை வேறு இடத்துக்கு நகர்த்தினார்கள், எக்செல்லில் ஒரு நிரலின் தலைப்பைத் திருத்தினார்கள். தலைப்பு வரிசையைப் பூட்டிவைத்துவிட்டு, பதிவு செய்யும் பிள்ளைக்கும் அதன் காரணத்தை விளங்கப்படுத்துங்கள். தோல்வி மின்னஞ்சல் உங்களுக்கு மட்டும் வராமல் கடையில் ஒருவருக்கும் போகும்படி செய்யுங்கள்.

பக்கம் திறக்க ஒரு நிமிடம் எடுக்கிறது.

டெஸ்க்டொப்பில் செயல்திறன் ஆய்வி என்ற வசதி உண்டு. அதை ஓடவிட்டால் எந்த வரைபடம் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும். ஊகிக்க வேண்டியதில்லை. நான் கண்டவற்றில் பாதிக்கு மேல், ஒரே பக்கத்தில் முப்பது வரைபடங்களை அடுக்கியிருப்பதும், பில்லின் முழு நேரத்தையும் நொடிவரை ஏற்றியிருப்பதும்தான் காரணம். திகதியை ஒரு நிரலிலும் மணித்தியாலத்தை வேறொரு நிரலிலும் பிரித்தாலே கோப்பின் அளவு நன்றாகக் குறையும். பயன்படுத்தாத நிரல்களை நீக்குங்கள். தானியங்கி நாட்காட்டி வசதியையும் அணைத்துவிடுங்கள், உங்களிடம் இப்போது சொந்த நாட்காட்டி இருக்கிறதே.

டொலரில் வரும் வருமானத்தை எப்படிக் காட்டுவது?

வந்த நாணயத்திலேயே சேமித்து, அன்றைய மாற்று வீதத்தை நாள்வாரியாகத் தனி அட்டவணையில் வையுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. ஒரே வீதத்தால் பெருக்கிய டாஷ்போர்ட் அந்த வருடத்தைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்ப முடியாது. விடுதிகளுக்கு நான் இரண்டு நாணயத்திலும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிறேன்.

கிளை முகாமையாளர் தன் கிளையை மட்டும் பார்க்கும்படி செய்யலாமா?

செய்யலாம், நிரைமட்டப் பாதுகாப்பு என்ற வசதி அதற்குத்தான். முகாமையாளரின் மின்னஞ்சலையும் கிளைக்குறியீட்டையும் கொண்ட அட்டவணை ஒன்று போதும். ஆனால் ஒரு எச்சரிக்கை: ரிப்போர்ட் இருக்கும் பவர் பிஐ வேலைத்தளத்தில் (workspace) திருத்தும் உரிமை கொடுத்தவருக்கு இந்தக் கட்டுப்பாடு வேலை செய்யாது, பார்க்கும் உரிமை மட்டும் கொடுங்கள்.

"இணையத்தில் வெளியிடு" என்ற தெரிவை ஒருபோதும் வாடிக்கையாளர் தரவுக்குப் பயன்படுத்தாதீர்கள். அந்த இணைப்பு கிடைத்த எவரும் கடவுச்சொல் இல்லாமல் பார்க்கலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், கடனுக்கு வாங்கிய குடும்பங்களின் பெயரும் தொகையும் ஊர் முழுக்கத் தெரியவருவது எவ்வளவு வேதனை என்று யோசித்துப் பாருங்கள். டாஷ்போர்டுக்குத் தொகை போதும், பெயர் தேவைப்படுவது அரிது.

சிவப்பும் பச்சையும் போடலாமா?

எல்லோருக்கும் அவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது, குறிப்பாக ஆண்களில் சிலருக்கு இது கடினம். நீலமும் செம்மஞ்சளும் போடுங்கள், அல்லது நிறத்தோடு மேல் கீழ் அம்புக்குறியும் சேருங்கள்.

எல்லாம் சரியாகச் செய்து கொடுத்தேன். யாரும் திறந்து பார்ப்பதில்லை அக்கா, அண்ணா, யாராவது சொல்லுங்கள்!

போய்ப் பக்கத்தில் இருந்து பாருங்கள். மூதூரில் ஒரு கடையில் முகாமையாளர் இரண்டு மாதமாகத் திறக்கவில்லை என்று பயன்பாட்டு அறிக்கையில் கண்டு நேரில் போனேன். ஒருநாள் டாஷ்போர்டில் 600 ரூபா கூடுதலாக இருந்ததாம். திரும்பி வந்த ஒரு பொருளின் பில், அப்போது நான் அதைக் கழிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் பழையபடி கொப்பியிலேயே கூட்டிக்கொண்டிருந்தார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிழையைத் திருத்தியதோடு, முதற்பக்கத்தின் மேல் மூலையில் இரண்டு வரிகளைச் சேர்த்தேன்: தரவு கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நேரம், அந்தக் கிளையில் கடைசியாக ஏறிய பில் எண். இப்போது அவர் காலையில் கொப்பியைத் திறந்து கடைசிப் பில் எண்ணைப் பார்க்கிறார், பிறகு கைபேசியில் டாஷ்போர்டைப் பார்க்கிறார். இரண்டும் ஒன்றென்றால் கீழே வாசிக்கிறார். வேறுபட்டால் எனக்கு அழைப்பு வருகிறது, பெரும்பாலும் எட்டரை மணிக்கு முன்னால்.